எடுத்தலும் வைத்தலும்

 

திகம்பர முனிவர் ஒருவர் தம் கமண்டலத்தைத் தரையில் வைக்கும் முறையைக் கூர்ந்து நோக்கியிருக்கின்றீர்களா? முதலில் அவர் குனிகின்றார். மயிற்பீலியால் அவ்விடத்தை மெல்ல வருடுகின்றார். எறும்போ புழுவோ இருப்பின் அது விலகிச் செல்லும் வரை பொறுக்கின்றார். அதன் பின்னரே கமண்டலம் தரையைத் தொடுகின்றது. எடுக்கும்போதும் இவ்வாறே. ஐவகைச் சமிதிகளுள் நான்காவதாகிய ஆதான நிக்ஷேபண சமிதி இது. எடுத்தலிலும் வைத்தலிலும் விழிப்போடிருத்தல் என்பது அதன் பொருள். ஐந்தாவதாகிய உத்சர்க்க சமிதியோ, கழிப்பனவற்றை உயிர்க்கு ஊறு நேராத இடத்தில் கழித்தலைப் பேசுகின்றது. ஒரு பீலியும் ஒரு கமண்டலமும் ஒரு சாத்திரச் சுவடியுமன்றி வேறு பொருளில்லாத துறவிக்கே இத்துணை விழிப்பு விதிக்கப்பட்டதாயின், ஓர் அறை நிறையவும் ஒரு கொட்டகை நிறையவும் பொருள் வைத்திருக்கும் இல்லறத்தார் நமக்கு எத்துணை வேண்டும்? "அவையெல்லாம் முனிவர்க்கு உரியவை" என்று நாம் எளிதில் ஒதுங்கிவிடுகின்றோம். முழுமையாக அவர்க்கு உரியவைதாம். ஆயினும் மகாவிரதத்தின் நிழலன்றோ அணுவிரதம்?

இவ்வினா நூலைப் படித்து எழுந்ததன்று, சாலையில் எழுந்தது. சென்னையிலிருந்து சினகாஞ்சியாகிய திருப்பருத்திக்குன்றத்திற்கு வழிபடச் செல்வோர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வழியே செல்வதுண்டு. ஏரியும் வயலுமாயிருந்த அந்நிலப்பரப்பு நம் கண்முன்னரே மாறியது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தின் கார்கள் 1998-இல் வெளிவரத் தொடங்கின. வண்டலூர்-வாலாஜாபாத் சாலையும், சிங்கப்பெருமாள்கோயில்-ஸ்ரீபெரும்புதூர் சாலையும் குறுக்கிடும் ஒரகடத்தில், 2010-இல் ரெனோ-நிசான் ஆலையும், 2012-இல் டைம்லர் சரக்குந்து ஆலையும், 2013-இல் ராயல் என்ஃபீல்டு ஆலையும் எழுந்தன. வண்டிகளைச் சோதித்துச் சான்று வழங்கும் நடுவண் அரசின் ஆய்வு மையமும் அங்கேயே அமைந்தது. இவற்றைச் சூழ்ந்து திருகாணி செய்வோர், வார்ப்படம் வார்ப்போர், பழுது பார்ப்போர் எனச் சிறு தொழிற்கூடங்கள் பெருகின. அவற்றுள் நம்மவர் நடத்துவனவும் உள.

புதியது வந்து குவியுமிடத்தில் பழையதும் குவியும். ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. உலகப் புகழ் பெற்றிருந்த அவ்வாலையே ஆண்டுகள் சில ஆளரவமின்றிக் கிடந்து, 2019-இல்தான் சால்காம்ப் நிறுவனம் அதனை எடுத்துக்கொள்ளும் செய்தி வந்தது. ஆலைக்கே இந்நிலையெனில் ஆலையினுள் இருக்கும் கருவிக்கு என்ன நிலை?

சென்ற ஆண்டு பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் அமர்ந்திருந்தபோது ஒரு சிராவகர் எம்மை அணுகினார். ஒரகடத்திற்கு அருகே சிறு தொழிற்கூடம் வைத்திருப்பவர். "ஐயா, தந்தையார் விட்டுச் சென்ற சோதனைக் கருவிகள் ஒரு கொட்டகை நிறைய உள்ளன. பதினெட்டு ஆண்டுகளாகப் பூட்டியே கிடக்கின்றன. எடைக்குப் போட மனம் வரவில்லை. வைத்திருக்கவோ இடமில்லை, புதிய எந்திரத்திற்கு அவ்விடம் வேண்டும். நான் செய்யத் தக்கது யாது?" என்று வினவினார். யாம் உடனே விடை கூறவில்லை. பொருளைக் காணாது அறம் உரைத்தல் நோயாளியைக் காணாது மருந்துரைத்தல் போன்றது. மறுவாரம் கொட்டகைக்குச் சென்றோம்.

அவருடைய தந்தையார் வண்டலூர் அருகே இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் ஹெரால்டு கார்களையும், அம்பாசிடர், பத்மினி கார்களையும் பழுது பார்த்துப் பெயர் பெற்றவர். அந்நிறுவனம் 1988-இல் மூடப்பட்டது. கார்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. கொட்டகையின் நடுவே நின்றது டிஸ்டிரிபியூட்டர் சோதிக்கும் எந்திரம். பெட்ரோல் எஞ்சினில் எந்த நொடியில் எந்தச் சிலிண்டருக்குத் தீப்பொறி செல்ல வேண்டுமென்று பங்கிட்டுத் தருவது டிஸ்டிரிபியூட்டர். அதனை இவ்வெந்திரத்தின் மேல் பொருத்திச் சுழற்றினால், பாயிண்ட் திறக்கும் ஒவ்வொரு முறையும் பாகை குறித்த வளையத்தின்மீது ஓர் ஒளிக்கீற்று மின்னும். நான்கு சிலிண்டர் எனில் நான்கு கீற்றுகள், ஒன்றுக்கொன்று 90 பாகை இடைவெளியில் நிற்க வேண்டும். ஒரு கீற்று இரண்டு பாகை தள்ளி நின்றாலும் உள்ளே தண்டோ புஷ்ஷோ தேய்ந்துள்ளது என அறியலாம். வேகத்தைக் கூட்டினால் கீற்றுகள் அனைத்தும் ஒருசேர முன்னே நகரும். எவ்வளவு வேகத்திற்கு எவ்வளவு நகர வேண்டுமென்பதைத் தந்தையார் தம் கைப்படத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். ஹெரால்டுக்கு ஒரு வரிசை, அம்பாசிடருக்கு ஒரு வரிசை. தாள் பழுத்திருந்தது, எழுத்து அழியவில்லை.

அதனருகே குரோலர் எனப்படும் காந்தக் கருவி. ஆர்மேச்சரை அதன் பள்ளத்தில் வைத்துத் திருப்பியவாறே, பழைய இரம்பத் தகடு ஒன்றை மேலே பிடித்தால், சுருள் பழுதான இடத்தில் தகடு அதிர்ந்து உறுமும். காதாலேயே குற்றத்தைக் கண்டறியும் எளிய வித்தை! ஸ்பார்க் பிளக்கினை மணலடித்துத் துப்புரவு செய்து, காற்றழுத்தத்தில் தீப்பொறி பாய்கின்றதா எனச் சிறு கண்ணாடி வழியே காட்டும் பெட்டி ஒன்று. கார்புரேட்டர்களைச் சமன் செய்யும் பாதரசக் குழாய் மானி ஒன்று. பச்சைத் திரையுடைய அலைகாட்டி ஒன்று. புகையில் கார்பன் மோனாக்சைடின் அளவைக் காட்டும் முள் மானி ஒன்று.

இவை கெட்டுப்போனமையால் பயனற்றனவாகவில்லை. இவை அளந்த பொருளே மறைந்தது. பாயிண்ட்டும் கார்புரேட்டரும் செய்த வேலையைக் கணினிச் சில்லும் எரிபொருள் ஊசியும் மேற்கொண்டன. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் நிலை-6 விதி நடைமுறைக்கு வந்தபோது, நெடுங்காலம் கார்புரேட்டரோடு ஓடிய புல்லட் 350 வண்டியும் அதனைக் கைவிட்டது. இன்று மெக்கானிக் வண்டியைத் தொடுமுன் ஒரு கம்பியைச் செருகுகின்றார். பழுது எண்ணாகத் திரையில் வருகின்றது.

இங்கே முதற்கண் ஓர் உண்மையை அவரிடம் கூறினோம். உடைமை என்பது பொருளன்று, பொருளின்பால் கொள்ளும் மயக்கமே என்பது நம் ஆசாரியர் கொள்கை. அம்மயக்கத்தை மூர்ச்சை என்பர். பதினெட்டு ஆண்டு அவர் பயன்படுத்தாமலும், பிறர் பயன்படுத்த விடாமலும் வைத்திருந்தது தந்தைபால் கொண்ட அன்பு என்றே அவர் எண்ணியிருந்தார். அன்புதான். ஆனால் அன்பு துருப்பிடித்துக்கொண்டிருந்தது. பரிமித பரிக்கிரக விரதம் ஏற்பவர் நிலம், வீடு, பொன், தானியம் என எல்லை வகுக்கின்றார். கொட்டகையில் கிடக்கும் பழம்பொருளை எக்கணக்கிலும் சேர்ப்பதில்லை. விலையில்லாத பொருளின்மேல் பற்றில்லை என்று நினைக்கின்றோம். விலையில்லாத பொருளின்மேல்தான் பற்று மிக ஆழமாக வேர்விடுகின்றது என்பதை அன்று அவர் முகத்தில் கண்டோம்.

"அப்படியாயின் இன்றே காயலான் கடைக்கு அனுப்பிவிடுகின்றேன்" என்றார் அவர். பற்று நீங்கியதும் பொறுப்பும் நீங்கிவிடுவதாக எண்ணுவது இரண்டாவது பிழை. பழைய இரும்பை உருக்கி மீண்டும் இரும்பாக்குவது பழியன்று. புதுப்பேட்டையில் பழம் உதிரிப் பாகங்களைப் பிரித்து விற்போர் எத்தனையோ வண்டிகளுக்கு மறுவாழ்வு தருகின்றனர். அத்தொழிலை இழித்துரைப்பது எமக்கு உடன்பாடன்று. ஆயின் சோதனைக் கருவி வெறும் இரும்பன்று. அதனுள் இருப்பதை அறிந்தவர் கொடுப்பவர் மட்டுமே, வாங்குபவர் அறியார்.

2010-ஆம் ஆண்டு தில்லி மாயாபுரியில் நிகழ்ந்ததை நாம் மறத்தலாகாது. ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் 1985 முதல் பயன்படாது கிடந்த கதிர்வீச்சுக் கருவி ஏலத்தில் பழைய இரும்பாக விற்கப்பட்டது. உள்ளே கோபால்ட்-60 இருந்தது. அதனை உடைத்த கூலித் தொழிலாளர் அதன் பெயரையும் அறியார், தீமையையும் அறியார். உடல் வெந்து பலர் துன்புற்றனர். ஒருவர் உயிர் துறந்தார். விற்றவர் எவரும் கொல்ல நினைக்கவில்லை. இடத்தை ஒழிக்க நினைத்தனர், அவ்வளவே. சமந்தபத்திர ஆசாரியர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் பயனற்ற தீவினைகளை ஐந்தாக வகுத்து, அவற்றுள் இம்சாதானத்தையும் ஒன்றாக வைத்தார். கோடரி, வாள், மண்வெட்டி போன்ற ஊறு செய்யும் கருவிகளைப் பிறர் கையில் கொடுத்தல் இம்சாதானம். வாளைக் கண்டால் வாங்குபவன் அஞ்சுவான்; உள்ளே நஞ்சு மறைந்த பெட்டியைக் கண்டு அஞ்சமாட்டான். இரண்டனுள் எது கொடிது?

நம் சிராவகரின் கொட்டகையில் கோபால்ட் இல்லை. ஆனால் பாதரச மானி இருந்தது. அதனை உடைத்தால் உருளும் பாதரசம் மழை நீரோடு ஓடிச் சேருமிடம் எது? அப்பகுதியில் ஓடைகளும் ஏரிகளும் ஒன்றையொன்று தொடுகின்றன. சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரியும் தொலைவில் இல்லை. நீரையே உடலாகக் கொண்ட உயிர்களும் உள என்று கூறி, வடிகட்டாத நீரைப் பருகாத மரபினர் நாம். வீட்டில் நீரை வடிகட்டிப் பருகிவிட்டு, ஏரிக்குப் பாதரசத்தை அனுப்புதல் தகுமோ? பழங்கால அலைகாட்டியின் கண்ணாடிக் குழலில் ஈயம் உண்டு. மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் உயர் மின்னழுத்தம் அதனுள் தேங்கி நின்று, அறியாது தொட்டவரைத் தாக்கவும் கூடும். ஆதலின் இவ்விரண்டும் தானப்பொருள் ஆகா. கழிபொருளாகவே கருதி, உத்சர்க்க சமிதியின் நெறியில் விடுக்கத் தக்கவை. மின்னணுக் கழிவு பற்றிய 2022-ஆம் ஆண்டு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன; பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே இத்தகையவற்றை ஒப்படைத்தல் வேண்டும். பாதரசம் போன்ற அபாயக் கழிவுக்குக் கும்மிடிப்பூண்டியில் தனி நிலையம் உண்டு. அரசு விதியும் அறவிதியும் ஒரே திசையைக் காட்டும் இடங்கள் சில உள. இஃது அவற்றுள் ஒன்று. செலவு ஆகுமே என்றார். ஆகும். பொருளை வாங்கிய நாளில் கொடுத்த விலை அதன் முழுவிலை அன்று என்பதை இறுதி நாளில் உணர்கின்றோம்.

புகை மானிக்கு வருவோம். அவர் சற்றுத் தயங்கியவாறு ஒரு செய்தி கூறினார். புகைச் சான்று வழங்கும் ஒருவர் அம்மானியை நல்ல விலைக்குக் கேட்டாராம். "ஓடுகின்றது, முள் அசைகின்றது, அது போதும்" என்றாராம். பெருமக்களே, இவ்விடத்தில்தான் எம் உள்ளம் நடுங்கியது. 1989-ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளின் கீழ், நான்கு சக்கரப் பெட்ரோல் வண்டியின் புகையில் கார்பன் மோனாக்சைடு 3 விழுக்காடு வரை இருக்கலாம் என்றிருந்த நாளில் செய்யப்பட்ட மானி அது. பின்னர் பாரத் நிலை-2 முதலான கார்களுக்கு அவ்வெல்லை 0.5 விழுக்காடாகக் குறுகியது. பத்து வரை எண் குறித்த அம்முகப்பில் அரை விழுக்காடு என்பது ஒரு முள்ளின் பருமன். மேலும் ஆண்டுகள் பலவாக அளவு சரிபார்க்கப்படாத கருவி அது. அஸ்தேய அணுவிரதத்தின் அதிசாரங்களுள், அளவைகளைக் குறைத்தும் மிகுத்தும் வைத்துக்கொள்ளுதல் ஒன்று என்பதை நாம் பாடமாகப் படித்துள்ளோம். வணிகர் குலத்திற்குப் படியும் துலாக்கோலும் நன்கு தெரியும். மானியும் ஒரு துலாக்கோல்தான் என்பது தெரிவதில்லை. பொய்த் துலாக்கோலைக் கையில் வைத்திருப்பவன் ஒருவனுக்குத் தவறிழைக்கின்றான். பொய் மானியோ, அச்சாலையில் மூச்சுவிடும் ஒவ்வொரு குழந்தைக்கும் தவறிழைக்கின்றது. அதனை விற்றல் களவு. இலவசமாகக் கொடுத்தாலும் களவே.

"பிறகு எதைத்தான் கொடுப்பது?" என்று சற்றே சினந்து கேட்டார். அச்சினம் நியாயமானதே. மறுப்பதை மட்டும் கூறுவது அறவுரை ஆகாது.

தானத்தின் பயன், முறையாலும் பொருளாலும் கொடுப்பவராலும் பெறுபவராலும் வேறுபடும் என்பது உமாசுவாமிகள் வகுத்த நெறி. சமந்தபத்திரர் தானத்தை நான்காக எண்ணும்போது உணவு, மருந்து, உறையுள் ஆகியவற்றோடு உபகரணத்தையும் சேர்த்தார். அவர் கருதியது முனிவர்க்குரிய பீலி, கமண்டலம், சுவடி முதலியவற்றை. எந்திரத்தைக் கொடுப்பது அத்தானமே என்று கூறி நாம் புண்ணியக் கணக்கை உயர்த்திக்கொள்ளலாகாது. ஆயினும் ஒரு கருவி, அதனால் அறிவும் நற்றொழிலும் வளரும் கையைச் சேரும்போது, உபகரணம் என்னும் அச்சொல்லின் ஒளி அதன்மீதும் சிறிது படவே செய்கின்றது.

குரோலருக்கு உரியவரைக் காண்பது எளிதாயிற்று. இன்றைய வண்டியிலும் ஸ்டார்ட்டர் மோட்டார் உண்டு, அதனுள் ஆர்மேச்சர் உண்டு. வாலாஜாபாத்தில் ஸ்டார்ட்டர் பழுது பார்க்கும் ஓர் இளைஞர் அதனை அன்றே சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். பிளக் சோதிக்கும் பெட்டி, பழைய ஸ்கூட்டர்களைப் புதுப்பிக்கும் ஒருவரைச் சேர்ந்தது. டிஸ்டிரிபியூட்டர் எந்திரம்தான் அலைக்கழித்தது. ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் "பாடத்திட்டத்தில் இல்லை" என்றனர். இன்னொன்றில் "இடமில்லை" என்றனர். அவர்களைக் குறை கூற இயலாது. ஒருவரின் கொட்டகையை ஒழிக்க இன்னொருவரின் கொட்டகையை நிறைப்பது தானமன்று. வேண்டாதார்க்குக் கொடுப்பது, நம் பற்றை அவர் தலையில் இறக்கிவைப்பதே.

அருங்காட்சியகத்திற்கு அனுப்பலாமா என்று சிலர் கேட்டனர். கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு அவர்கள் பெயரால் 2015-இல் திறக்கப்பட்ட கார் காட்சியகத்தைக் கண்டவர் அறிவர். பழங்கார்களைப் பேணும் அத்தகைய இடங்கள் நம் நாட்டில் மிகச் சிலவே. 1920-இல் ஒரே பேருந்தோடு தொழில் தொடங்கி, எந்திரத்தைப் பிரித்துப் பார்த்தே அறிவைத் தேடிய அம்மேதையின் வழியில், பொருள்கள் கண்ணுக்கு விருந்தாக மட்டுமன்றிக் கருத்துக்கு விருந்தாகவும் இருக்க வேண்டும். ஆனால் நம் சிராவகரின் எந்திரம் இன்னும் உயிரோடிருந்தது. ஓடும் எந்திரத்தைக் கண்ணாடிக்குள் வைப்பதினும் ஓட்டுவார் கையில் வைப்பது மேல் என்பது எம் கருத்து.

ஈற்றில் ஒரு பாலிடெக்னிக் ஆசிரியர் வந்தார். அவருக்கு எந்திரத்தைக் காட்டிலும் சுவரில் ஒட்டியிருந்த தாளின்மீதே கண் சென்றது. "மாணவர்கள் திரையில் எண்ணைப் பார்க்கின்றனர், தீப்பொறி ஏன் முன்கூட்டியே பாய வேண்டும் என்று கேட்டால் விழிக்கின்றனர். இவ்வெந்திரத்தில் ஐந்து நிமிடம் நின்றால் அது கண்ணுக்கே தெரியும்" என்றார். அவருக்குத் தேவையாயிருந்தது எந்திரம் மட்டுமன்று. கையேடு, வயரிங் படம், அந்தத் தாள், அதனை இயக்கிக் காட்டும் ஒரு மனிதர்.

சாத்திர தானத்தின் உட்பொருளை அப்போது நினைந்தோம். பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டு அத்திமப்பை அம்மையார், பொன்னரின் சாந்தி புராணத்தை ஓலையில் ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார் என்பர். ஏடு ஒருவரிடமே இருந்தால் அது உடைமை. ஆயிரவரிடம் சென்றால் அது சாத்திரம். 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே. சாமிநாதையருக்கு ஏட்டுச்சுவடி மட்டும் போதவில்லை. கும்பகோணத்துச் சைன அன்பர்கள் உடனமர்ந்து சமயப் பொருளை விளக்கியதாலேயே அச்சுவடி வாய் திறந்தது. கையேடில்லாத கருவியும் பொருளுரைப்பாரில்லாத ஏடும் ஒன்றே.

எந்திரத்தில் தந்தையார் பெயர் பொறித்த பித்தளைத் தகடு ஒன்றைப் பதிக்க வேண்டும் என்று சிராவகர் விரும்பினார். யாம் தடுக்கவில்லை; ஊக்கவும் இல்லை. இரண்டு நாள் கழித்து அவரே அதனை விடுத்தார். அதற்கு மாறாகச் சுவரிலிருந்த தாளைத் தம் கையால் படியெடுத்துக்கொண்டு, தந்தையார் எழுதிய மூலத் தாளையே ஆசிரியரிடம் கொடுத்தார். படியை ஆசிரியர்க்கும் மூலத்தைத் தமக்கும் வைத்துக்கொள்வார் என்றே யாம் எதிர்பார்த்திருந்தோம். பயிற்சிக்கூடத்திற்குச் சென்று மூன்று சனிக்கிழமைகள் மாணவர்க்கு எந்திரத்தை இயக்கிக் காட்டவும் ஒப்பினார். "அளவைச் சான்றுக்கு அன்று, பயிற்சிக்கு மட்டும்" என்று எழுதி எந்திரத்தில் ஒட்டியதும் அவரே. புகை மானியின் முள்ளைக் கழற்றிவிட்டு, அதனையும் மறுசுழற்சியாளர் வண்டியில் ஏற்றினார்.

கொட்டகை இன்னும் முழுமையாக ஒழியவில்லை. பழைய பாட்டரி சோதிக்கும் மேசை ஒன்றின் அடியில் குளவி மண்கூடு கட்டியிருக்கின்றது. நான்கறிவுயிர் அது. மேசையைப் பெற்றுக்கொள்ள வேண்டியவர் இரண்டு முறை வந்து, கூட்டைக் கண்டு, தாமே "பிறகு வருகின்றேன்" என்று திரும்பிச் சென்றார். குஞ்சுகள் கூட்டைத் துளைத்து வெளியேறச் சில வாரங்கள் ஆகுமாம். புதிய எந்திரம் ஒரு மாதம் தள்ளி வந்தால் போதும் என்று சிராவகர் எழுதிவிட்டார். அதுவரை குளவி வந்து போவதற்காகக் கொட்டகையின் ஒரு சன்னல் திறந்தே இருக்கின்றது.